இரண்டு பேரும் மேலே இல்லாத நேரம்

அக்கா எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்கமாட்டார். வாசலைப் பார்ப்பார். வந்த வாசலை அல்ல. வெளியே போக வேறு வாசல் இருக்கிறதா என்று. டீக்கடையோ கல்யாண மண்டபமோ, கண் ஒரு சுற்றுப் போய் வரும். அதற்குப் பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும். "இன்னா நைனா, துன்னியா?" என்று கேட்பார். இரண்டாவது வாசல் இல்லாத கடை என்றால் அந்தச் சிரிப்பு வராது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து நின்று குடிப்பார்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். மூன்று மாடிக் கடை. மூன்றாம் மாடி முழுக்கப் பட்டுப் புடவை. அங்கே அவர் பில் போடுபவர். அதே மாடியின் மூலையில் உட்கார்ந்து, வந்திறங்கும் சரக்கைக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை எனக்கு. கடையில் எல்லாருக்கும் அவர் பில்லக்கா. எனக்கு வெறும் அக்கா. ஒல்லி உடம்பு, பெரிய கண்கள். நீங்கள் பேசும்போது அந்தக் கண்கள் உங்கள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். சட்டென்று திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

"அப்பால?" என்பதுதான் அவருடைய வார்த்தை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் குடையைப் பற்றிப் பேசுவார்கள். அக்கா "அப்பால?" என்பார். மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அப்பால? தண்ணீர் நின்றால் தெருமுனை கரன்ட் பெட்டி முழுகும். அப்பால? அந்தப் பக்கமாகத்தான் எல்லாரும் பஸ்ஸுக்குப் போகவேண்டும். இதற்குள் மழையைப் பற்றிப் பேச்செடுத்தவரின் முகம் மாறிவிடும். "தாயே, நீ வாயத் தொறக்காத. நான் வூட்டுக்குப் போவணும்" என்று பக்கத்துக் கவுண்டர் பெண் கையெடுத்துக் கும்பிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். ஆனால் அன்று மாலை அந்தப் பெண் தெருமுனையைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பனகல் பூங்கா பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறப் போனோம். ஒரு பக்கம் இரும்புக் கம்பி வைத்து அடைத்திருந்த ஆட்டோ. அக்கா காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணா, இந்தப் பக்கம் கம்பி போட்டுக்கீறீங்க. வண்டி அந்தப் பக்கமா சாஞ்சா எப்படி வெளிய வர்றது?"

"சாஞ்சா நீ என் மேல வுயு, நான் ரோட்டு மேல வுயறேன். ஏறும்மா, பின்னாடி பஸ்ஸு வருது."

வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா இறங்கிவிட்டார். அடுத்த வண்டிக்காக வெகுநேரம் வெயிலில் நின்றோம். எனக்குக் கோபம். ஆனால் அந்த வண்டி நகர்ந்து போகும்போது, கம்பிக்குப் பின்னால் அடுக்கி வைத்தது போல உட்கார்ந்திருந்த ஆட்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன் எத்தனையோ முறை அப்படி உட்கார்ந்து போயிருக்கிறேன். அதன் பிறகு ஒருமுறைகூட முடியவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கத்துச் சந்து ஒன்றில். பங்குனித் திருவிழாவுக்கு வரச்சொல்லி அம்மா அக்காவைக் கூப்பிட்டிருந்தார். வந்தார். வீதியெல்லாம் ஜனம். அக்கா எங்களோடு முன்னால் வராமல் ஒரு சந்துமுனையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சாமி போனது, பின்னால் கூட்டமும் போனது. அவர் சாமியைப் பார்க்கவே இல்லை.

"ஏண்டி, சாமி பார்க்க வந்தியா, சந்து பார்க்க வந்தியா?" என்றார் அம்மா.

"சாமி எங்கயும் போவாதும்மா. ஜனம் எங்க போவும்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது நான் கேட்டேன். "உங்களுக்கு எதாவது ஆயிருக்காக்கா? சின்ன வயசுல, நெருப்பு, கூட்டம், அந்த மாதிரி?"

அக்கா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "ஒண்ணும் ஆவல. அதான் பயம். ஆயிருந்தா இத்தான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப எதுன்னே தெர்லியே."

இப்படிப்பட்டவருக்கு சுடோகு பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுக்கிலும், ஒவ்வொரு சின்னச் சதுரத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரே ஒருமுறை வரவேண்டும். அவ்வளவுதான் சட்டம். பேப்பரில் வருவதை அக்கா இரண்டு பில்லுக்கு நடுவில் முடித்துவிடுவார். பிறகு போனில் ஓர் ஆப் வைத்துக்கொண்டார். அதில் மிகக் கடினமான படியில் வந்து மாட்டிக்கொண்டார். பாதிக் கட்டம் நிரம்பியிருக்கும். மீதி ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ எண்கள் நிற்கும். எதையும் உறுதியாக எழுத முடியாது.

"குத்துமதிப்பா ஒண்ணப் போட்டுப் பாருங்கக்கா. தப்புன்னா அழிச்சிக்கலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே பயம் இருந்தது. "இங்க போட்டுப் பாக்கறவன் எங்க வேணா போட்டுப் பாப்பான். அந்தப் பழக்கமே வாணாம் நைனா."

ஊகிக்காமல் போடுவதற்கு ஒரு வழி இருந்தது. சங்கிலி முறை என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் வீடியோக்கள் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டு வேலை செய்து என்னைக் கணக்குப் பட்டம் வரை படிக்க வைத்தார். ஆகையால் வீடியோக்காரர் பேசுவதை அக்காவுக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் உட்காருவோம். வீணாய்ப் போன பில் ரோலைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் கட்டம் போடுவோம்.

ஒரு வரிசையில் ஏழு என்ற எண் வர இரண்டே இடங்கள்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இல்லையென்றால் அங்கேதான், வேறு வழியில்லை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் கெட்டிக் கண்ணி. இரட்டைக் கோடு போட்டு இணைப்போம். மூன்று இடங்கள் மிச்சமிருந்தால் கதை வேறு. இங்கே இருந்தால் அங்கே இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். இங்கே இல்லை என்பதற்காக அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது லேசுக் கண்ணி. ஒற்றைக் கோடு. கெட்டி, லேசு, கெட்டி என்று மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போய்க் கெட்டியில் முடித்தால், சங்கிலியின் இரண்டு நுனிகளில் ஒன்றாவது நிஜமாக இருந்தே தீரவேண்டும். அப்போது அந்த இரண்டு நுனிகளின் பார்வையிலும் படுகிற கட்டத்தில் அந்த எண் வரவே முடியாது. அதைத் தைரியமாக அடித்துவிடலாம்.

முதன்முதலில் அப்படி ஒரு எண்ணை அடித்தபோது அக்கா பெருமூச்சு விட்டார். "இவ்ளோ தூரம் சுத்தி வந்து ஒரே ஒரு நம்பர்தான் அடிச்சோம்."

"கஷ்டமா இருக்காக்கா?"

"இல்லடா. நிம்மதியா கீது."

இங்கே பின்படிக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் மாடிக்கு இரண்டு வழிகள். முன்னால் வாடிக்கையாளர் ஏறி இறங்கும் படிக்கட்டு. பின்னால் சந்துக்கு இறங்கும் குறுகல் படிக்கட்டு. மேலே அதன் வாயில் மடக்கு இரும்புக் கேட், எப்போதும் பூட்டியிருக்கும். சாவி இரண்டு. ஒன்று வாட்ச்மேனிடம், இன்னொன்று மாடி மேனேஜரிடம். ஒருகாலத்தில் வேறொரு வாட்ச்மேனும் வேறொரு மேனேஜரும் கூட்டுச் சேர்ந்து அந்த வழியாகப் புடவைக் கட்டுகளை இறக்கிவிட்டார்களாம். அதிலிருந்து முதலாளி அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டிருந்தார்: சாவி வைத்திருக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே நிற்கக்கூடாது. மேனேஜர் மேலே இருந்தால் வாட்ச்மேன் கீழே. வாட்ச்மேன் மேலே இருந்தால் மேனேஜர் கீழே.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்த அக்கா அந்தக் கேட்டுக்கு மட்டும் பயந்ததில்லை. "ரெண்டுல ஒருத்தர் எப்பவும் மேல கீறாரு. சாவியும் மேல கீது. அவ்ளோதான்" என்பார். கடையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒருநாள் கொட்டகையில் நான் ஒரு நீளமான சங்கிலி போட்டேன். பெருமையாகத்தான் போட்டேன். முடிவில் ஒரே நெடுக்கில் இரண்டு ஏழு வந்து நின்றது. எங்கேயோ தப்பு. அக்கா டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணி கண்ணியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க ரெட்டைக் கோடு போட்டுக்கீற."

"ஆமாக்கா. இது ரெண்டும் சேர்ந்து ஏழா இருக்க முடியாதே."

"சேர்ந்து இருக்க முடியாது. சரி. ரெண்டுமே இல்லாம இருக்கலாமே? தோ, மூணாவதா ஒரு இடம் கீதே. நீ லேச கெட்டின்னு நென்ச்சிட்ட."

சொல்லிவிட்டு விரலை எடுக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவில் சோறு பாதி இருந்தது. அதை மூடினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மேல நிக்கக் கூடாதுன்னுதானே அண்ணாச்சி சொன்னாரு?"

"ஆமா."

"ஒருத்தராவது நிக்கணும்னு எப்ப சொன்னாரு?"

தகரக் கொட்டகையின் வெயில் எல்லாம் எங்கேயோ போய் எனக்குக் குளிர்ந்தது.

கீழே இறங்கியதும் அக்கா நேராக வாட்ச்மேனிடம் போனார். வயதானவர், முழங்கால் வலிக்காரர், நல்ல மனிதர்.

"அய்யா, நீங்க கீழ எறங்கறப்போ மேனேஜர் மேல வந்துட்டாரான்னு பார்த்துட்டு எறங்குவீங்களா?"

"நான் எதுக்கும்மா பார்க்கணும்? அவரு மேல கீறப்ப நான் இருக்கக் கூடாது. அதான் எனக்குச் சொன்னது. அவரு வர்ற மாதிரி இருந்தா நான் எறங்கிடுவேன்."

"வர்ற மாதிரி இருந்துட்டு வராம போய்ட்டா?"

"அது அவரு வேலம்மா."

மேனேஜர் தென்மாவட்டத்துக்காரர், அண்ணாச்சிக்கு உறவு. அக்கா சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காண்பித்தார். "ஏம்மா, எத்தனை வருசமா இதச் சொமக்கேன். என்னைக்காவது ஒண்ணு ஆயிருக்கா? நீ பில்லப் போடு. லைன் நிக்கி பாரு."

அன்றிலிருந்து அக்கா கையில் இரண்டு ரப்பர் பேண்டு. பில் கட்டுகிற சாதாரண ரப்பர் பேண்டுதான். சிவப்பு மேனேஜருக்கு, பச்சை வாட்ச்மேனுக்கு. ஆள் மேலே இருந்தால் வலது மணிக்கட்டில். கீழே போய்விட்டால் இடது மணிக்கட்டுக்கு மாறும். அவருடைய கவுண்டரிலிருந்து முன்படிக்கட்டு தெரியும் என்பதால் யார் போனாலும் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பில் போட்டுக்கொண்டே மாற்றுவார். வாடிக்கையாளர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு மட்டும் அர்த்தம் தெரியும். அதுதான் என் வினை. சரக்கைப் பதிந்துகொண்டிருக்கும்போதே கண் அவர் கைக்குப் போகும். சிவப்பு வலது, பச்சை இடது. மூச்சு விடலாம். சிலநாள், பெரும்பாலும் கூட்டம் அதிகமான நேரத்தில், இரண்டும் இடது கையில் சேர்ந்திருக்கும். அப்போது அக்கா பில் போடும் வேகம் குறைந்துவிடும். "மிஷினு ஸ்லோவா கீதும்மா, கொஞ்சம் இருங்க" என்பார். மிஷினுக்கு ஒன்றும் இல்லை. அவர் அந்த மாடியில் இருக்கும் தலைகளையும் இரண்டு வழிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்ப்பேன். மாடி முழுக்கப் பெண்கள், குழந்தைகள், தோளில் போட்டுப் பார்க்கிற பட்டு, கண்ணாடி முன் சிரிப்பு. யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த மாதிரி நேரங்களில் என் விசைப்பலகையில் எண்கள் தப்புத் தப்பாக விழும். பிறகு யாராவது ஒருவர் மேலே வருவார். ஒரு ரப்பர் பேண்டு வலது கைக்கு மாறும். ஒன்றும் நடந்திருக்காது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. என் அம்மாவும் தங்கையும் புடவை எடுக்க வந்திருந்தார்கள். வேலை செய்பவர்களின் வீட்டாருக்குத் தள்ளுபடி உண்டு. தங்கை விரிப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மாடியில் நிற்க இடமில்லை. நான் அக்காவின் கையைப் பார்த்தேன். இரண்டும் இடது கையில்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். குரல் மெதுவாக இருந்தது. "மேனேஜர் சரக்கு அனுப்ப குடோனுக்குப் போயிட்டாரு. வாட்ச்மேன் கீழ கயிறு புடிச்சிக்கினு நிக்கிறாரு. போயி அவர இட்டுக்கினு வா."

"அவரு வரமாட்டாருக்கா. மேனேஜர் திட்டுவாருன்னு..."

"அண்ணாச்சி கூப்புட்றாருன்னு சொல்லு."

"அம்மா இங்க..."

"அம்மாவ நான் பாத்துக்கறேன். ஓடுடா."

கூட்டத்துக்கு எதிராகப் படி இறங்கினேன். வாசலில் வாட்ச்மேன் ஜனத்தை வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்றதும் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அப்போது கரன்ட் போனது. கீழே எல்லாரும் "ஓ" என்று விளையாட்டாகக் கத்தினார்கள். ஜெனரேட்டர் உறுமி, விளக்கு வந்தது. அதன் பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம். பல பேர் தனித்தனியாகப் பேசுகிற சத்தம் திடீரென்று ஒரே சத்தமாக ஆவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முன்படிக்கட்டில் ஜனம் கொட்டியது. முதல் மாடி, இரண்டாம் மாடி ஜனம். யாரோ "புகை, புகை" என்றார்கள். மேலே ஏற முடியாது. ஒரு படிகூட முடியாது.

"பின்பக்கம்!" என்று வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுத்தேன். சந்துக்குச் சுற்றி ஓடினோம். பின்படிக்கட்டில் ரப்பர் எரிகிற வாடை இறங்கிவந்தது. அவரால் முழங்காலோடு ஏற முடியவில்லை. சாவியைக் கேட்டேன். பெல்ட்டோடு சங்கிலியால் கட்டியிருந்தார், அவிழ்க்க வரவில்லை. "நீ போ, நான் வர்றேன், நீ போ" என்றார். நான் ஏறினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜனம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அதில் என் தங்கை முகத்தைக்கூடப் பார்த்துவிட்டேன்.

அங்கே அக்கா மட்டும் நின்றிருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் அந்த மாடி முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. பட்டுப் புடவைகளின் மேல், விரிப்பின் மேல், வெறுந்தரையில். கூரையை ஒட்டிப் புகை பரவிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"சாவி?" என்றார்.

"வர்றாருக்கா. ரெண்டாவது மாடிகிட்ட."

பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்தார். "ஏம்மா, கதவு பூட்டியா கீது? பூட்டின கதவுக்கா எங்கள இப்படி உக்கார வெச்ச?" அவரோடு இன்னும் இரண்டு மூன்று தலைகள் எழுந்தன.

அக்கா திரும்பினார். "உக்காருங்கண்ணா. நீங்க எழுந்தா எல்லாரும் எழுந்துருவாங்க. எல்லாரும் இங்க வந்தா மொதல்ல நான் நசுங்குவேன். அப்பால நீங்க."

அந்த ஆள் நின்றார். அம்மாவின் குரல் கேட்டது: "உக்காருய்யா. தோ, அது எம் புள்ள. சாவியோடதான் வந்துக்கீறான்." என்னிடம் சாவி இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் உட்கார்ந்தார்.

வாட்ச்மேன் வந்தார். மூச்சிரைப்பில் பூட்டின் வாயில் சாவி நுழையவில்லை. அக்கா கம்பிக்குள்ளிருந்து கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திறந்தது. குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் என்றார். ஜனம் ஒவ்வொருவராக, மெதுவாக இறங்கியது. அம்மா என்னைத் தாண்டும்போது என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனார்.

கூரைக்கு மேல் ஏ.சி. வயர் கருகியிருந்தது, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் வந்து வெட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வியாபாரம் மறுபடி நடந்தது.

மறுநாள் அண்ணாச்சி அறையில் அக்கா நின்றார். நானும் கதவோரம் நின்றேன். மேனேஜர்தான் பேசினார். "யாவாரத்துக்கு வந்த ஆளையெல்லாம் தரையில உக்காத்தி வச்சிருக்கா. அத்தனை பட்டும் மிதிபட்டுக் கெடக்கு. சும்மா ரெண்டு நிமிசம் பொறுத்தா பொக போயிருக்கும்."

அண்ணாச்சி வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "ஆளுக்கு ஒண்ணும் ஆவலேல்லா?"

"ஒண்ணும் ஆவல அண்ணாச்சி."

"பொறவு எதுக்கும்மா இம்புட்டுக் கூத்து? நல்ல பிள்ளதான் நீ. ஆனா பயப்படுத ஆளக் கவுண்டர்ல வச்சா யாவாரம் எப்படி ஓடும், சொல்லு?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு முன்படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலையில் பார்த்தால் மடக்குக் கேட் இல்லை. வெறும் வழி. துருப்பிடித்துவிட்டது, புதிது போடவேண்டும் என்று அண்ணாச்சி சொன்னாராம். புதிது போடவே இல்லை. அக்காவை யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இதைச் சொல்லத்தான் அவரைத் தேடிப் போனேன். முன்பு ஆற்றோரம் இருந்த குடும்பம்; இப்போது பெருங்குடியைத் தாண்டி, மறுகுடியமர்த்தப்பட்டவர்களுக்கான அடுக்குமாடி. பக்கத்திலேயே ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்திருந்தது. ரோட்டைப் பார்த்த கடை. ஷட்டரைத் தூக்கினால் கதவே கிடையாது. அக்கா அங்கே கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

கேட்டை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கு ஏன் உக்கார வெச்சேன் தெரியுமா?" என்றார். "முன்னாடி வுட்டா படியில வுயுவாங்க. பின்னாடி வுட்டா கேட்டுல நசுங்குவாங்க. ரெண்டும் கூடாது. அப்ப உக்காரணும். அதுவரைக்கும் கெட்டி. ஆனா எது வரைக்கும் உக்காரணும்? நீ வர்ற வரைக்கும். நீ வருவன்றது இன்னா கெட்டியா?"

அக்கா ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கத்தரிக்க ஆரம்பித்தார்.

"நீ கூட்டத்துல மாட்டிருக்கலாம். அந்தப் பெரியவரு வுயுந்திருக்கலாம். பொக கீழ எறங்கிருக்கலாம். அவ்ளோ பேரு, உங்கம்மா, கொயந்தைங்க, எல்லாத்தையும் ஒரு லேசுக் கண்ணில கோத்து உக்கார வெச்சிட்டேன் நைனா. பூட்டின கதவுன்னு தெரிஞ்சே. நான் போட்டுப் பார்த்துட்டேன்டா." அட்டை பாதி வெட்டியபடி நின்றது. கத்தரியைக் கீழே வைத்தார். "எல்லாம் நல்லா பண்ணேன்னு உங்கம்மா வந்து ஒரு சீப்பு வாயப்பயம் குடுத்துட்டுப் போச்சு. எனக்கு உள்ள எறங்கல."

ஒரு வாடிக்கையாளர் வந்தார். இருமல் மருந்துக்கு பில் போட்டுக் கொடுத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டு இல்ல. சரி. எறங்கினா கீழ எங்க போவாங்க?"

"சந்துக்குக்கா."

"சந்துல இன்னா கீது?"

அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. தினமும் போகிற சந்துதான். அன்றைக்கு ஓடி ஏறியதும் அதன் வழியாகத்தான்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். படிக்கட்டின் கடைசிப் படியை முட்டிக்கொண்டு பைக்குகள். எங்கள் கடைக்காரர்களுடையவை, பக்கத்துக் கடைக்காரர்களுடையவை, இரண்டு வரிசையாக, ஹேண்டில்பார் ஹேண்டில்பாரோடு சிக்கி. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் வரமுடியும். அன்று ஜனம் மெதுவாக, ஒவ்வொருவராக இறங்கியதை அக்காவின் ஒழுங்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெளியே போகக் கீழே வழி அவ்வளவுதான் இருந்திருக்கிறது. மேலே நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. புகை நிஜமாக இறங்கியிருந்தால் அந்த இருட்டுப் படிக்கட்டில், கேட் திறந்த பிறகு எல்லாரும் ஒரேயடியாக... என்று நினைத்தவன் அதற்கு மேல் நினைக்க முடியாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து முதல் வண்டியைப் பிடித்து இழுத்தேன். பக்கத்துக் கடையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார்.

"யோவ், வண்டில கைய வெக்காத! இன்னா, உங்கப்பன் வூட்டு சந்தா?"

"இல்லண்ணா. இங்க வெச்சா மேலேர்ந்து யாரும் வெளிய வரமுடியாது. எனக்குப் பயமா கீது. கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தார். மூன்று மாடி உயரத்துக்கு அது இருட்டாக ஏறிப் போனது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்குள் திட்டியபடி முன்சக்கரத்தைத் தூக்கினார். நான் பின்சக்கரத்தைத் தூக்கினேன். இன்னும் நிறைய வண்டிகள் பாக்கி இருந்தன. அதற்குள் முன்பக்கத்தில் கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.